விழும் பாலம் கற்பிக்கும் பாடம்

நூலகங்களில் சிறுவர்க்கான பொறியியல் விளையாட்டு: பெற்றோருக்கும் பேரன் பேத்தியரை அழைத்துவரும் பெரியோருக்கும் ஒரு வழிகாட்டி

பள்ளி முடிந்தபின் நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு வரும் பெற்றோர் சிலர், அங்குள்ள நீண்ட மேசையைக் கண்டு சற்றுத் தயங்குவதுண்டு. அதன்மீது புத்தகங்கள் இல்லை. மரக்கட்டைகள், ஐஸ்கிரீம் குச்சிகள், அட்டைக் குழாய்கள், ஒட்டுநாடா, லெகோ துண்டுகள், ஒரு கிண்ணம் நாணயங்கள் ஆகியவை பரப்பி வைக்கப்பட்டுள்ளன. சுற்றிலும் அமர்ந்துள்ள சிறுவர்கள் எதையோ கட்டுகின்றனர். கட்டியது சரிகிறது. சிரிப்பும் சிணுங்கலும் எழுகின்றன. மீண்டும் கட்டத் தொடங்குகின்றனர்.

"படிக்க வந்த இடத்தில் விளையாட்டா?" என்னும் கேள்வி இயல்பானதே. வாரநாள்களில் பாடசாலை, மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, அதற்கிடையே தேர்வுநிலைப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு என்று நேரத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பங்களுக்கு, ஒரு மணி நேரம் குச்சிகளை அடுக்குவது வீண்செலவாகத் தோன்றலாம். அந்த ஒரு மணி நேரத்தில் சிறுவர் எதனைக் கற்கின்றனர், அருகில் அமர்ந்திருக்கும் பெரியவர் என்ன செய்ய வேண்டும், எதனைச் செய்யாதிருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நூலகத்திலும் வீட்டிலும் செய்துபார்க்கக்கூடிய மூன்று பாடங்களும் இதில் இடம்பெறுகின்றன.

நூலகத்தில் ஏன்?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நூலகம் என்பது கட்டணம் செலுத்துவோருக்கான சலுகை அன்று. 1935 ஆம் ஆண்டில் ரால்ஃப் மன், எர்னஸ்ட் பிட் ஆகிய நூலகர் இருவர் ஆஸ்திரேலிய நூலகங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். அவற்றின் மோசமான நிலையை அவ்வறிக்கை வெளிப்படையாக எடுத்துக்காட்டியது. பொதுமக்களின் கோரிக்கை வலுப்பெற்றதைத் தொடர்ந்து 1939 இல் நூலகச் சட்டம் நிறைவேறியது. உள்ளூரில் வசிக்கும் எவரும் கட்டணமின்றி உறுப்பினராகலாம், நூல்களை இலவசமாக இரவல் பெறலாம் என்பது இச்சட்டம் தரும் உரிமை. இந்த வாசலில் ஒரு குடும்பத்தின் வருமானமோ, வீட்டில் பேசப்படும் மொழியோ கேட்கப்படுவதில்லை. விலையுயர்ந்த கட்டுமானப் பெட்டிகளை வாங்க இயலாத வீட்டுக் குழந்தையும் வாங்க இயன்ற வீட்டுக் குழந்தையும் ஒரே மேசையில் அமர்வது இதனால்தான் இயலுகிறது.

கட்டைகளை அடுக்குவதன் வழியே கற்பித்தலும் புதிய வழக்கம் அன்று. ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரீட்ரிக் ஃபிரோபெல் 1837 ஆம் ஆண்டு முதல் இளஞ்சிறாருக்கான கற்றற்பொருள்களை உருவாக்கினார். 8 சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம் அவற்றுள் ஒன்று. பிற்காலத்தில் புகழ்பெற்ற கட்டடக்கலைஞரான ஃபிராங்க் லாய்ட் ரைட், சிறுவயதில் தாயார் வாங்கித் தந்த ஃபிரோபெல் கட்டைகளே தம் கைகளுக்கு வடிவங்களைப் பழக்கின என்று நினைவுகூர்ந்துள்ளார். 1901 இல் லிவர்பூல் நகரின் ஃபிராங்க் ஹோர்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்ட விளையாட்டுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே பின்னர் மெக்கானோ எனப் பெயர் பெற்றது. இன்றைய லெகோ துண்டின் இணைப்பு முறைக்கான காப்புரிமை விண்ணப்பம் 1958 ஜனவரி 28 அன்று டென்மார்க்கில் பதிவானது. எட்டுக் குமிழ்கள் உடைய ஒரே நிறத் துண்டுகள் 6 இருந்தால், அவற்றை 915,103,765 வகைகளில் இணைக்கலாம். ஆகவே, கையில் ஆறு துண்டுகள் மட்டுமே உள்ள குழந்தைக்கும் செய்துபார்க்க வழிகள் குறைவதில்லை.

பாடம் 1: ஒரு தாளும் சில நாணயங்களும்

தேவையானவை: ஏ4 தாள்கள் சில, ஒரே உயரமுள்ள இரண்டு புத்தக அடுக்குகள், நாணயங்கள், அளவுகோல்.

இரு புத்தக அடுக்குகளையும் 20 செ.மீ. இடைவெளியில் வைக்க வேண்டும். அவற்றின் குறுக்கே ஒரு தாளைப் பாலமாகக் கிடத்த வேண்டும். தாள் தன் எடையாலேயே நடுவில் தொய்யும். ஒரு நாணயத்தை வைத்தால் பெரும்பாலும் கீழே சரியும். இங்கே குழந்தையிடம் ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் கூறலாம்: வேறு பொருள் எதனையும் சேர்க்காமல், இதே தாள் நாணயங்களைத் தாங்குமாறு செய்ய வேண்டும்.

சிலர் தாளை இரண்டாக மடிப்பர். சிலர் குழலாகச் சுருட்டுவர். சிலர் இரு ஓரங்களை மேல்நோக்கி மடித்து வாய்க்கால் போல ஆக்குவர். சிலர் விசிறி மடிப்பாக, நீளவாக்கில் 1 செ.மீ. அகல மடிப்புகளை இடுவர். ஒவ்வொரு வடிவத்தின்மீதும் நாணயங்களை ஒவ்வொன்றாக வைத்து, எத்தனையாவது நாணயத்தில் பாலம் விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

நாணயங்கள் வெறும் பாரம் மட்டுமல்ல. அவை எடைக்கற்களும் ஆகும். ஆஸ்திரேலிய 10 சென்ட் நாணயத்தின் எடை 5.65 கிராம். 20 சென்ட் நாணயம் அதன் இரு மடங்கான 11.3 கிராம். சாதாரண ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 5 கிராம். அதாவது 10 சென்ட் நாணயத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே, பாலம் தாங்கிய எடையைக் கிராமில் கணக்கிட்டு, பாலம் தன் சொந்த எடையைப் போல் எத்தனை மடங்கைச் சுமந்தது என்றும் குழந்தையே கண்டறியலாம். பொறியாளர்களும் இக்கேள்வியை விடாது கேட்கின்றனர்: எவ்வளவு குறைந்த பொருளைக் கொண்டு எவ்வளவு பாரத்தைச் சுமக்க முடியும்?

மடித்த தாள் வலிமை பெறுவதன் காரணம் அதன் உயரத்தில் உள்ளது. தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ. விசிறியாக மடிக்கும்போது அதே தாள் 1 செ.மீ. அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. ஒரு செவ்வக உத்திரத்தின் அகலத்தையும் நீளத்தையும் மாற்றாமல் உயரத்தை மட்டும் இரு மடங்காக்கினால், வளைவை எதிர்க்கும் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். இதனைக் கையால் உணர ஓர் அளவுகோல் போதும். 30 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிப்பும் உடைய அளவுகோலைப் படுக்கையாக வைத்து அழுத்தினால் எளிதில் வளையும். அதையே விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் அதன் விறைப்பு 100 மடங்கு. வீட்டுக் கூரைகளில் உத்திரங்கள் படுக்கையாக இடப்படாமல் நிமிர்த்தி இடப்படுவதற்கு இதுவே காரணம்.

விசிறிப் பாலம் விழும் விதத்தையும் கவனித்தல் வேண்டும். பாரம் கூடக்கூட மடிப்புகள் பக்கவாட்டில் விரியும். விரிந்தால் உயரம் குறையும். உயரம் குறைந்தால் பாலம் தளரும். இதனைக் கண்ட குழந்தை, மடிப்புகள் விரியாமல் இருக்க அடியில் இன்னொரு தாளை ஒட்டலாமா என்று கேட்கக்கூடும். அப்படி ஒட்டினால் கிடைப்பது, பொருள்களை அனுப்பப் பயன்படும் நெளி அட்டைப் பெட்டியின் உட்புற அமைப்பே ஆகும். ஒரு பழைய பெட்டியின் ஓரத்தைக் கிழித்துக் காட்டினால், தான் கண்டறிந்ததை உலகம் முன்பே பயன்படுத்தி வருவதைக் குழந்தை மகிழ்ச்சியோடு அறியும்.

பாடம் 2: சதுரமும் முக்கோணமும்

தேவையானவை: ஐஸ்கிரீம் குச்சிகள், அவற்றை மூலைகளில் இணைக்கக் களிமண் உருண்டைகள் அல்லது மார்ஷ்மெல்லோ, சிறிது நூல்.

நான்கு குச்சிகளால் ஒரு சதுரத்தையும் மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணத்தையும் அமைக்க வேண்டும். சதுரத்தின் ஒரு மூலையை மெல்லத் தள்ளினால் அது சாய்ந்து சாய்சதுரமாகும். முக்கோணத்தை அவ்வாறு சாய்க்க முடியாது. சதுரத்தின் நான்கு பக்கங்களும் நீளம் மாறாமலேயே அதன் வடிவம் மாறலாம். முக்கோணத்தில் ஒரு பக்கமாவது நீண்டாலோ குறுகினாலோ ஒழிய வடிவம் மாறாது. இனிச் சதுரத்தின் மூலைவிட்டத்தில் ஐந்தாவது குச்சி ஒன்றை வைக்க வேண்டும். சதுரம் இரு முக்கோணங்களாகப் பிரிந்து உறுதி பெறும்.

அடுத்து, அந்த ஐந்தாவது குச்சியை நீக்கிவிட்டு அதே இடத்தில் நூலைக் கட்டிப் பார்க்கலாம். ஒரு திசையில் தள்ளும்போது நூல் விறைத்துச் சதுரத்தைக் காக்கும். எதிர்த்திசையில் தள்ளும்போது நூல் தொய்ந்துவிடும், சதுரம் சாயும். இழுவிசையை நூல் தாங்கும், அமுக்கவிசையைத் தாங்காது. குச்சியோ இரண்டையும் தாங்கும். உயர்நிலைப் பள்ளிப் பாடநூலில் பின்னர் சந்திக்கப்போகும் இவ்வேறுபாட்டை ஏழு வயதுக் குழந்தை விரல் நுனியில் உணர்ந்துவிடுகிறது.

இப்பாடத்தின் மாபெரும் எடுத்துக்காட்டு சிட்னியிலேயே உள்ளது. மேற்குச் சிட்னியிலிருந்து டி1 தொடருந்தில் வட சிட்னி நோக்கிச் செல்லும் குடும்பங்கள் துறைமுகப் பாலத்தைக் கடக்கின்றன. சன்னலுக்கு வெளியே நகரும் எஃகுச் சட்டங்கள் ஒன்றோடொன்று முக்கோணங்களாகவே இணைந்திருப்பதைக் குழந்தைகள் எண்ணிப் பார்க்கலாம். 503 மீட்டர் அகன்ற அவ்வளைவு இரு கரைகளிலிருந்தும் ஒரே காலத்தில் கட்டப்பட்டது. நடுவில் சந்திக்கும்வரை ஒவ்வொரு பாதியையும் 128 எஃகு வடங்கள் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தன. நூலும் குச்சியும் செய்த அதே வேலையை அங்கு வடமும் சட்டமும் செய்தன. 1930 ஆகஸ்டில் இரு பாதிகளும் இணைந்தன. 1932 மார்ச் 19 அன்று பாலம் திறக்கப்பட்டது.

திறப்பதற்கு முந்தைய மாதம் நிகழ்ந்ததைக் குழந்தைகளுக்குக் கட்டாயம் கூறலாம். பாலம் தாங்குமா என்று அறிய, 96 வரையிலான நீராவித் தொடருந்து இயந்திரங்களை அதன்மீது வரிசையாக நிறுத்திச் சோதித்தனர். தாள் பாலத்தின்மீது குழந்தை ஒவ்வொன்றாக வைக்கும் 10 சென்ட் நாணயங்களும் அதே வகைச் சோதனைதான்.

பாடம் 3: விளிம்பைக் கடக்கும் புத்தகங்கள்

தேவையானவை: ஒரே அளவும் எடையும் உடைய நான்கு தடித்த புத்தகங்கள் அல்லது மரக்கட்டைகள், ஒரு மேசை, கீழே விரிக்க ஒரு மெத்தை.

ஒட்டும் பசையோ கயிறோ இன்றி, நான்கு புத்தகங்களை மேசை விளிம்பிலிருந்து படிப்படியாக வெளியே நீட்டி அடுக்க வேண்டும். மேலுள்ள புத்தகம் முழுமையாக மேசைக்கு வெளியே நிற்க முடியுமா என்பதே கேள்வி. பெரியவர்களில் பலரும் முடியாது என்றே விடையளிப்பர்.

முடியும். 24 செ.மீ. நீளமுள்ள புத்தகங்களை எடுத்துக்கொண்டால், மேலுள்ளது இரண்டாவதைக் கடந்து 12 செ.மீ. நீளலாம், இரண்டாவது மூன்றாவதைக் கடந்து 6 செ.மீ.; மூன்றாவது நான்காவதைக் கடந்து 4 செ.மீ.; நான்காவது மேசையைக் கடந்து 3 செ.மீ. கூட்டினால் 25 செ.மீ. புத்தகத்தின் நீளமோ 24 செ.மீ. தான். இவை எல்லை அளவுகள் ஆதலால், ஒவ்வொரு படியிலும் 2 மி.மீ. குறைத்து நீட்டினால் அடுக்கு நிற்கும். மேலுள்ள புத்தகத்தின் கீழே மேசை இராது. நான்கையும் நேராக அடுக்கிவிட்டு, மேலுள்ளதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வெளியே நகர்த்துவது எளிய வழி. ஒவ்வொரு படியிலும், அதற்கு மேலுள்ள எல்லாவற்றின் எடைமையமும் தாங்குவதன் விளிம்புக்கு உள்ளே இருத்தல் வேண்டும். இந்த ஒரு விதிதான் அடுக்கு முழுவதையும் காக்கிறது.

இவ்வாறு படிப்படியாக வெளியே நீட்டும் முறையைத் தமிழகத்துக் கற்கோயில்களில் காணலாம். தூணின் தலையில் இருபுறமும் நீண்டு நின்று உத்திரத்தைத் தாங்கும் கல்லுக்குப் போதிகை என்று பெயர். கல் இழுவிசைக்கு எளிதில் வெடிப்பது. ஆகவே உத்திரம் தாண்ட வேண்டிய இடைவெளியைப் போதிகை குறைக்கிறது. குடும்பத்தோடு கோயில்களைக் கண்டுவந்த குழந்தைக்கு இதனை நினைவூட்டினால், அடுத்த முறை அது தூண்களின் உச்சியையும் நிமிர்ந்து பார்க்கும்.

விழுவதன் பயன்

மூன்று பாடங்களிலும் பொதுவாக நிகழ்வது ஒன்று உண்டு: கட்டியது விழுகிறது. குழந்தையின் முகம் சுருங்குகிறது. அருகில் உள்ள பெரியவரின் கை தானாகவே மேசையை நோக்கி நீள்கிறது. "இப்படி வை", "அதை எடு", "நான் செய்து தருகிறேன்" என்று அன்பினால் எழும் சொற்களே அந்த மணி நேரத்தின் பயனைக் குறைத்துவிடுகின்றன. விழுந்த பாலத்தைப் பெரியவர் நிமிர்த்தித் தந்தால் பாலம் கிடைக்கும். அது ஏன் விழுந்தது என்னும் அறிவு குழந்தைக்குக் கிடைக்காது.

பொறியாளர்கள் விழுந்தவற்றை மறப்பதில்லை. மெல்பர்ன் நகரில் யாரா ஆற்றின் குறுக்கே வெஸ்ட் கேட் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, 1970 அக்டோபர் 15 அன்று அதன் ஒரு பகுதி சரிந்து 35 பேர் உயிரிழந்தனர். நீளவாக்கில் இரு பாதிகளாக உயர்த்தப்பட்ட எஃகுக் கட்டமைப்புகள் நடுவில் ஏறத்தாழ 11 செ.மீ. உயர வேறுபாட்டுடன் நின்றன. உயர்ந்திருந்த பாதியைத் தாழ்த்தக் கனமான கான்கிரீட் பாளங்கள் ஏற்றப்பட்டன. மேல் தகடு நெளிந்து புடைத்தது. அந்தப் புடைப்பை நீக்க முற்பட்டு இணைப்புத் திருகாணிகள் கழற்றப்பட்டபோது பாலம் வீழ்ந்தது. அரச ஆணைக்குழு ஒன்று காரணங்களை விரிவாக ஆராய்ந்து அறிக்கை தந்தது. வீழ்ந்த பாலத்தின் நெளிந்த எஃகுத் துண்டுகள் சில, மொனாஷ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துத் தோட்டத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளன. பொறியாளராகப் பயில வருவோர் தங்கள் பொறுப்பை மறவாதிருக்கும் பொருட்டு அவை அங்கே உள்ளன.

மெல்லிய தகடு அமுக்கத்திற்கு உட்பட்டு நெளிவதும், ஓரம் மடித்த தாள் நாணயங்களின் கீழ் நெளிவதும் ஒரே வகை நிகழ்ச்சி. அளவுதான் வேறு. நெளிவு தொடங்கும் கணத்தைக் கண்ணால் பார்த்து, "இங்கேதான் முதலில் வளைந்தது" என்று விரலால் சுட்டப் பழகுவதற்குச் சிறந்த இடம், விழுந்தாலும் எவருக்கும் தீங்கு நேராத நூலக மேசை ஆகும். அங்கே ஒரு தோல்வியின் விலை ஒரு தாள்.

நியூ சவுத் வேல்ஸ் தொடக்கப் பள்ளிகளில் அறிவியலும் தொழில்நுட்பமும் ஒரே பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. தேவையை அறிதல், வடிவமைத்தல், செய்துபார்த்தல், மதிப்பிட்டுத் திருத்துதல் என்பன அதன் பகுதிகள். இவற்றுள் இறுதியானதே குழந்தைகளுக்குக் கடினமானது. பரீட்சைத் தாளில் தவறு என்பது இழந்த மதிப்பெண். கட்டுமான மேசையில் தவறு என்பது அடுத்த முயற்சிக்கான செய்தி. இரண்டாவது வகைத் தவற்றோடு பழகாத குழந்தை, கடினமான கணக்கைக் கண்டதும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடக்கூடும். எனவே இந்த மணி நேரம் படிப்பிலிருந்து பறிக்கப்படுவது அன்று.

பெரியவர்கள் செய்யக்கூடியது

கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் உதவுவதே நல்ல விதி. அதுவும் விடை கூறாமல், கேள்வி கேட்பதன் வழியே. பின்வரும் கேள்விகள் பெரும்பாலான வேளைகளில் பயன்படும்:

• எந்த இடத்தில் முதலில் வளைந்தது?
• விழுவதற்கு முன் ஏதேனும் அசைவு தெரிந்ததா?
• அடுத்த முறை எந்த ஒன்றை மட்டும் மாற்றப் போகிறாய்?
• எத்தனை நாணயம் தாங்கும் என்று நினைக்கிறாய்? முதலில் எழுதி வை, பிறகு பார்ப்போம்.

மூன்றாவது கேள்வி சிறப்பாகக் கருதத்தக்கது. ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால், எது பயன் தந்தது என்று அறிய இயலாது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருத்தல் எல்லா ஆய்வுகளுக்கும் அடிப்படை.

குழந்தை அழுதால் உடனே ஆறுதல் கூறித் திசைதிருப்ப வேண்டியதில்லை. சற்று நேரம் பொறுத்திருந்து, விழுந்ததைக் கலைக்காமல் இருவரும் சேர்ந்து பார்க்கலாம். பெரும்பாலும் குழந்தையே முதலில் பேசத் தொடங்கும். மற்றொரு குழந்தையின் கோபுரம் உயர்ந்து நிற்பதைச் சுட்டி ஒப்பிடுவதைத் தவிர்த்தல் நலம். முந்தைய முயற்சியில் 4 நாணயங்கள், இம்முறை 9 என்னும் ஒப்பீடே போதுமானது.

பேரன் பேத்தியரை அழைத்துவரும் தாத்தா பாட்டியர் பலர், ஆங்கிலம் சரளமாக வராது என்று கருதிச் சற்று ஒதுங்கி அமர்கின்றனர். அவ்வாறு ஒதுங்க வேண்டியதில்லை. நூலகத்தில் தமிழில் பேசத் தடை ஏதும் இல்லை. இந்த மேசையோ தமிழில் பேசுவதற்கு மிகவும் ஏற்ற இடம். தூண், உத்திரம், முட்டு, ஆப்பு, நெம்புகோல், கப்பி, அச்சாணி போன்ற சொற்களை வீட்டுப் பேச்சில் கேட்க இங்கு வளரும் குழந்தைகளுக்கு வாய்ப்புக் குறைவு. கையில் பொருளோடு கேட்கும் சொல் மனத்தில் நிற்கும்.

அறிவும் அவர்களிடம் உண்டு. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுத்தவர், எந்தக் கோணத்தில் கழியை ஊன்ற வேண்டும் என்று அறிவார். யாழ்ப்பாணத்துத் துலாக் கிணற்றில் நீர் இறைத்தவரும் தமிழகத்தில் ஏற்றம் இறைத்தவரும், ஒரு முனையின் பாரம் மறுமுனையின் வேலையை எப்படி எளிதாக்குகிறது என்று தோள்களால் அறிந்தவர்கள். ஓர் அளவுகோலையும் ஓர் அழிப்பானையும் கொண்டு துலாவின் மாதிரியை மேசையிலேயே செய்து காட்டி, "இந்த முனையில் எத்தனை நாணயம் வைத்தால் அந்த முனை எழும்?" என்று கேட்டால், அதுவே நெம்புகோல் பற்றிய முழுமையான பாடமாகும்.

வயதும் பாதுகாப்பும்

3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரிய மரக்கட்டைகளும் அட்டைப் பெட்டிகளுமே ஏற்றவை. நாணயம், கோலிக்குண்டு, சிறு லெகோ துண்டு ஆகியவற்றை அவர்கள் விழுங்கக்கூடும். அண்ணன் அக்காவோடு வரும் சிறு குழந்தையின் கை மேசைக்கு எட்டாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு எரியும் அல்லது நகரும் கருவிகளில் பொத்தான் மின்கலம் இருக்கக்கூடும். விழுங்கப்பட்டால் அது குறுகிய நேரத்திலேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கும், உயிராபத்தும் நேரலாம். இத்தகைய மின்கலங்களுக்கான கட்டாயப் பாதுகாப்புத் தரங்கள் 2022 ஜூன் 22 முதல் ஆஸ்திரேலியாவில் நடைமுறையில் உள்ளன. ஆயினும் பழைய பொம்மைகள் பல வீடுகளில் இருக்கின்றன. குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, அறிகுறிகளுக்குக் காத்திராமல் நச்சுத் தகவல் நிலையத்தை 13 11 26 என்ற எண்ணில் உடனே அழைக்க வேண்டும். இச்சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. குழந்தை மூச்சுவிடச் சிரமப்பட்டால் 000 எண்ணை அழைக்க வேண்டும்.

நூலகப் பணியாளர்கள் நிகழ்வை நடத்துவோரே அன்றிக் குழந்தைப் பராமரிப்பாளர் அல்லர். சிறுவர்களுடன் பொறுப்பான பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

கலந்துகொள்வதற்கு முன்

நிகழ்வுகள் பள்ளிப் பருவ வாரங்களிலும் பள்ளி விடுமுறைகளிலும் வெவ்வேறு நேர அட்டவணையில் நடைபெறும். ஆண்டுதோறும் ஆகஸ்டில் வரும் தேசிய அறிவியல் வாரத்தையொட்டிச் சிறப்பு நிகழ்வுகளும் இருக்கக்கூடும். பொருள்களின் அளவும் இடமும் வரையறுக்கப்பட்டவை ஆதலால், முன்பதிவு தேவையா என்பதையும் வயது வரம்பையும் அருகிலுள்ள நூலகத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, "தமிழ்" என்று கூறி, உரைபெயர்ப்பாளர் வழியாக நூலகத்துடன் பேசலாம். தமிழ்நூல்கள் அந்தக் கிளையில் இல்லையெனில், பிற கிளைகளிலிருந்தோ மாநில நூலகத்தின் பன்மொழித் தொகுப்பிலிருந்தோ பெற இயலுமா என்று பணியாளரிடம் கேட்கலாம்.

பொறியியல், தச்சு, மின்பணி, தையல் ஆகிய துறைகளில் அனுபவமுள்ளோர் தொண்டராக உதவ முன்வரலாம். சிறுவரோடு பணியாற்ற அரசின் சரிபார்ப்புச் சான்று பெறுதல் வேண்டும். தொண்டர்களுக்கு அச்சான்று நியூ சவுத் வேல்ஸில் இலவசம்.

வீட்டில் தொடர்வதற்கான வினாக்கள்

1. இரு புத்தக அடுக்குகளின் இடைவெளியை 20 செ.மீ. இலிருந்து 25 செ.மீ. ஆக்கினால், அதே விசிறிப் பாலம் தாங்கும் நாணயங்களின் எண்ணிக்கை எவ்வாறு மாறுகிறது?
2. விசிறி மடிப்பை நீளவாக்கில் இடாமல் குறுக்குவாக்கில் இட்டால் பாலம் நிற்குமா? ஏன்?
3. வீட்டிலுள்ள ஏணி, கதவு, மிதிவண்டி, நாற்காலி ஆகியவற்றில் முக்கோணங்கள் எங்கெங்கு உள்ளன? முக்கோணம் இல்லாத பொருள் எவ்வாறு சாயாமல் நிற்கிறது?
4. தாத்தாவோ பாட்டியோ இளமையில் பயன்படுத்திய கருவி ஒன்றைக் கேட்டறிந்து, அதன் மாதிரியைக் குச்சியாலும் நூலாலும் செய்ய முடியுமா?

நான்காவது வினாவுக்கான விடையை நூலகத்திற்கு எடுத்துவரலாம். வரும் வழியில் அது பிரிந்துபோனாலும் கவலையில்லை. மேசையில் ஒட்டுநாடா இருக்கும்.